மகளுக்குத் தெரியாமல்

ஜனவரி 12

அன்புள்ள எறும்புக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் சித்தப்பாவும் நலம். உன் நலத்தை நாங்கள்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது, நீயாகச் சொல்வதில்லை. "நல்லா இருக்கேன்ப்பா" என்று போனில் இரண்டு வார்த்தை தட்டி அனுப்பினால் ஆயிற்றா? காது போன மனுஷனுக்குப் போனில் பேச்சு ஏது, கடுதாசிதான் பேச்சு. நான் தாளில் எழுதுகிறேன், சித்தப்பா அதைப் படம் பிடித்து அனுப்புகிறான். நீயும் அப்படியே செய் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

நீ வாங்கிக் கொடுத்த காது மெஷின் மேஜை டிராயரில் தூங்குகிறது. போட்டால் பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்கிறது, தெருவில் போகிற லாரி கேட்கிறது, மனுஷக் குரல் மட்டும் கேட்பதில்லை. மில்லில் தறிச் சத்தம் தின்றது போக மிச்சம் எதுவுமில்லை என்று டாக்டர் அன்றே சொன்னார். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. எதிரில் இருப்பவர் உதடு அசைந்தால் எனக்குப் போதும். சித்தப்பாவுக்கும் எனக்கும் அதுகூடத் தேவையில்லை. தறி ஓடும்போது கையாலேயே பேசிப் பழகியவர்கள்தானே நாங்கள், வீட்டிலும் இன்னும் அதே கைப் பேச்சுதான். சண்டையும் கையால்தான் போடுகிறோம், அடிதடி என்று நினைத்துவிடாதே.

மத்தியானம் சாப்பிட்டதும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு ஆடுகிறோம். போனுக்குள் இருக்கும் பொம்மைகளோடுதான். அவனுக்கு முட்டி வலி மறக்கிறது, எனக்குப் பொழுது போகிறது. இந்த வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

விசாவுக்காக நீ அனுப்பிய உன் பாஸ்போர்ட் நகலும் வீட்டு விலாசத் தாளும் பத்திரமாக இருக்கின்றன. எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல். கோடையில் உன் வீட்டில் வந்து ஒரு மாதம் உட்கார்ந்து, நீ சமைப்பதையெல்லாம் குறை சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

உன் அன்பு அப்பா

---

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

எறும்பு எழுதுவது. இதோ, பேனா பிடித்துத் தாளில்தான் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று சொன்னால் மறுபடி போனில் தட்டத்தான் செய்வேன்.

தாமதத்துக்குக் காரணம் வேலை. என்ன வேலை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இன்றைக்குச் சொல்லியே தீர வேண்டும், ஏனென்றால் பெருமையடித்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. நான் இருக்கும் கம்பெனி இணையத்தில் போக்கர் நடத்துகிறது. பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்தான். பதறாதீர்கள். நம் ஊரில் அது குற்றம், போன வருஷம் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே அரசாங்கமே உரிமம் தருகிறது, அதிகாரிகள் வந்து சோதிக்கிறார்கள், வரி கட்டுகிறோம். அதற்காக இதை நல்ல விளையாட்டு என்று நான் சொல்லமாட்டேன். யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், உட்காருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் தோற்றுத்தான் எழுந்திருக்கிறார்கள். நீங்களும் சித்தப்பாவும் ஆடுவது சும்மா பொம்மை ஆட்டம் என்பதால் சொல்கிறேன், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் ஆட்டம் நடத்துபவள் இல்லை. திருட்டுத்தனம் பண்ணுகிறவர்களைப் பிடிப்பவள். போக்கரில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும். அதை அடுத்தவருக்குக் காட்டவே கூடாது, ஆட்டத்தின் உயிரே அதுதான். ஆனால் சிலபேர் ஜோடி சேர்ந்துகொண்டு, தெரியாதவர்கள் போல ஒரே மேசையில் உட்கார்ந்து, ரகசியமாகச் சீட்டைச் சொல்லிக்கொள்வார்கள். நடுவில் மாட்டியவரை இரண்டு பக்கமும் நெருக்கிப் பந்தயத்தை ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் ஒருவர் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டு விலகிவிடுவார். எனக்கு அவர்கள் பெயர் தெரியாது, கணக்கு எண் மட்டும்தான் திரையில் வரும். ஆட்டம் ஆட்டமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நேற்று அப்படி ஒரு ஜோடியைப் பிடித்துவிட்டேன்! பலே கைகாரர்கள். மாதக்கணக்காக ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்ததே இல்லை. ஒரு பெண் புகார் எழுதியிருந்தார், பூனைப் படம் வைத்து ஆடுகிறவர், சலவைக் கடை வைத்திருக்கிறாராம். "என் அதிர்ஷ்டம் மோசம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். கடையிலிருந்த பெரிய சலவை இயந்திரத்தை விற்று ஆடியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இவரைச் சுரண்டித் தின்ற அந்த இரண்டு பேரையும் விடக்கூடாது என்று உட்கார்ந்து, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கணக்கு இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்தது பெயர் பார்க்கும் பிரிவுக்குப் போகும். மேலாளர் அம்மாள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று கைதட்டினார். அம்மா இருந்திருந்தால் அவளுக்குத்தான் முதலில் சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

சித்தப்பாவை முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்
எறும்பு

---

பிப்ரவரி 10

எறும்பு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டுப் போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வலிக்காரன், தரையில் உட்காரவே மாட்டான்.

நேற்று முன்தினம் மத்தியானம் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது இரண்டு போனிலும் திரை ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. விசாரணைக்காகக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. நெட் கோளாறு என்று நினைத்தோம்.

அந்தப் பூனையை எங்களுக்குத் தெரியும். எத்தனை தோற்றாலும் மறுநாள் வந்து உட்காரும். சித்தப்பா அதற்குக் கோமாளி என்று பேர் வைத்திருந்தான். அது வந்து உட்கார்ந்ததும், "கோமாளி வந்தாச்சு" என்று கையால் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

அது ஆள் என்று எங்களுக்குத் தெரியாதம்மா. சத்தியமாகத் தெரியாது. போனில் சதுரங்கம் ஆடுவேனே, எதிரே இருப்பது மெஷின்தானே, அது தோற்றால் யாருக்கு நஷ்டம்? இதுவும் அப்படித்தான் என்று இருந்தோம். கம்பெனி பொம்மைகளை உட்கார வைத்து ஆடுகிறது, ஜெயித்தால் கம்பெனி காசு தருகிறது என்று நினைத்தோம். ஆமாம், காசுதான். உன்னிடம் அதை நான் சொல்லவில்லை. தெரு முனையில் இருக்கும் செல்போன் கடைக்காரர்தான் எல்லாம் செய்து கொடுத்தார். நாங்கள் வேறு நாட்டில் உட்கார்ந்திருப்பது போலக் காட்டும் ஏதோ ஒன்றையும் போனில் போட்டுவிட்டார். "சட்டம்லாம் நம்ம ஊர் கம்பெனிக்குத்தான் சார், இது வெளியூர்ல இருக்கு, யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க"ன்னார். வெளிநாட்டு விலாசம் ஒன்று வேண்டும் என்றார், கொடுத்தேன். சித்தப்பாவுக்கு, வெளிநாட்டில் இருக்கும் தன் மைத்துனர் பேரில் அவரே செய்து கொடுத்தார். ஜெயித்த காசில்தான் சித்தப்பா முட்டிக்கு ஊசி போட்டோம்.

சீட்டைக் கையால் சொல்லிக்கொண்டோமா என்று கேட்பாய். சொல்லிக்கொண்டோம். மில்லில் நூல் அறுந்தால் சொல்ல மாட்டோமா, அந்த மாதிரி. அதைத் திருட்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. சுரண்டித் தின்றவர்கள் என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சலவை மெஷினை விற்றுவிட்டாளா? நிஜமாகவே விற்றுவிட்டாளா?

நீ யார் மகள் என்று உன் ஆபீசில் மூச்சு விடாதே. உனக்கு ஒன்றும் வராது.

அப்பா

---

பிப்ரவரி 11

அப்பா,

உங்கள் கடிதம் போனில் வந்து விழுந்தபோது நான் மேலாளர் அறையில் உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

காலையில் கூப்பிட்டார்கள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் தலைவாரிக்கொண்டு போனேன் அப்பா. மேலாளர் அம்மாளும் கம்பெனி வக்கீலும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ஒரு பக்கம் நான் எழுதிய அறிக்கை. இன்னொரு பக்கம், நான் பிடித்துக் கொடுத்த அந்தக் கணக்குக்காரரின் பாஸ்போர்ட்.

என் பாஸ்போர்ட். என் முகம். என் பெயர், என் வீட்டு எண், என் தெரு.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஏதோ தவறுதலாக என் கோப்பைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "இது நான்" என்று சொன்னேன். "தெரியும்" என்றார் வக்கீல். அப்போதுதான் நகலில் என் நெற்றிக்குக் குறுக்கே ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்தேன். தபால் நிலையத்து நகல் மெஷினில் விழுந்த கோடு. அந்தக் கோடு விழுந்த நகல் உலகத்திலேயே ஒன்றுதான். அதை உங்கள் விசாவுக்காக நான் உங்களுக்கு அனுப்பினேன். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள், குடிக்கத் தெரியவில்லை.

"வெளிநாட்டு விலாசம் ஒன்று வேண்டும் என்றார், கொடுத்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே! உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான் அப்பா. அந்தப் பூனைக்காரப் பெண்ணுக்காக நீங்கள் கலங்கினது எனக்குப் புரிகிறது. எனக்காகவும் ஒரு வரி கலங்கியிருக்கலாம்.

இப்போது நடந்திருப்பதைக் கேளுங்கள். கம்பெனியில் வேலை செய்பவர் அதே கம்பெனியின் மேசையில் ஆடுவது இங்கே பெரிய குற்றம். நானே கணக்குத் திறந்து, ஊரில் ஆட்களை உட்கார வைத்து, எப்படிப் பிடிபடாமல் ஆடுவது என்று சொல்லிக் கொடுத்து, கடைசியில் பங்கில் தகராறு வந்து காட்டிக் கொடுத்தேன் என்று வக்கீல் சந்தேகப்படுகிறார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். நீங்கள் இருவரும் மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவதாக எழுதியது அப்போதே ஞாபகம் வந்துவிட்டது, நான் உண்மையைச் சொன்னேன். ஆடியது என் அப்பாவும் சித்தப்பாவும், என் தாள்கள் போனது எனக்குத் தெரியாது என்றேன். மேலாளர் நம்புகிறார். வக்கீல் எழுத்தில் கேட்கிறார்.

நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதி, அங்கே ஒரு வக்கீல் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அசல் தாளைக் கூரியரில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நம் மொழியில் இருந்தால் போதும். அதில் ஒரே ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். தாள்களை எடுத்துக் கொடுத்தது மகளுக்குத் தெரியாமல். அந்த இரண்டு வார்த்தை இருந்தால் என் அடையாளத்தை யாரோ பயன்படுத்திவிட்டார்கள் என்று ஆகும், நான் பிழைப்பேன். எனக்குத் தெரியும் என்று ஆகிவிட்டால் வேலை மட்டும் போகாது, வழக்குப் போட்டு இந்த நாட்டிலிருந்தே அனுப்பிவிடுவார்கள்.

அப்படி எழுதிக் கொடுப்பது உங்களுக்கு அங்கே ஆபத்து என்றும் எனக்குத் தெரியும். ஆடினேன் என்று ஒப்புக்கொள்வதே நம் ஊர்ச் சட்டப்படி குற்றம். அபராதமோ சிறையோ வரலாம். பெற்றவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மகள்

---

பிப்ரவரி 14

எறும்புக்கு,

எழுதித் தருகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ தூங்க வேண்டும்.

சித்தப்பா குதிக்கிறான். "எழுதிக் குடுத்தா நேரா உள்ளே தூக்கிப் போட்ருவாங்கண்ணே, இந்த வயசுல உன்னால அங்கே படுக்க முடியுமா? அவளுக்கு வேற வேலை கெடைக்கும்"னு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். படுப்பேன்டா, மில் கிடங்கில் படுத்தவன்தானே என்றேன். ஜெயிலுக்கு எனக்குப் பயமில்லை. என் மகள் எனக்கு முக்கியம். நேற்றே கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆள் தன் போனைத் திருப்பிக் காட்டி, "அழிச்சாச்சு சார், எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுட்டார். சட்டப்படி நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? ஆடினவனே நான்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மகளுக்குத் தெரியாமல் எடுத்தேன் என்றுதான் எழுத வேண்டுமா? அப்பன் மகள் தாளை எடுத்தால் அதற்குத் திருட்டு என்று பேரா? உனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். உன் பேரில் எத்தனையோ தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன்னுடையது வேறு என்னுடையது வேறு என்று நினைத்ததே இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கவும் தோன்றவில்லை. மறைத்து எடுக்கவில்லையம்மா. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா?

அப்பா

---

பிப்ரவரி 15

அப்பா,

கோபப்படவில்லை. கெஞ்சுகிறேன்.

எனக்குத் தெரியாது என்பது உண்மையா இல்லையா? உண்மை. அதை மட்டும் எழுதுங்கள். திருட்டு என்ற சொல்லே வேண்டாம். உங்களைத் திருடன் என்று நான் நினைக்கவில்லை. மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டம் போல எழுதுங்கள், சீட்டாட்டத்தைப் பற்றி, பொம்மை என்று நினைத்ததைப் பற்றி, எது வேண்டுமானாலும். அந்த ஒரு வரியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். நான் இங்கே அலுவலகத்துக்குப் போவதில்லை, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாள் முழுக்க அறையில் உட்கார்ந்து கூரியர் வருவதை எதிர்பார்க்கிறேன்.

சட்ட ஆபத்து வந்தால் அங்கே நல்ல வக்கீலுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். உங்களைத் தனியாக விட்டுவிட மாட்டேன்.

உங்கள் மகள்

---

பிப்ரவரி 19

என் அன்பு எறும்புக்கு,

வேலை முடிந்தது! காலையில் கூரியரில் போட்டுவிட்டேன். இனி நீ நிம்மதியாக இருக்கலாம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வக்கீல் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. சித்தப்பா ஒவ்வொரு படியிலும் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறினான், ஆனாலும் கூடவே வந்தான். அது ஒரு ஹால், மறைப்பு எதுவும் கிடையாது. வக்கீல் மேஜை, எதிரே டைப் அடிக்கிற பெண்கள், சுவர் ஓரமாகக் காத்திருக்கிற ஆட்கள். வீட்டுப் பத்திரம் பதிய வந்த ஒரு குடும்பம் வேறு. நான் எழுதிக்கொண்டு போனதை ஒரு பெண் டைப் அடித்துக் கொடுத்தாள். நீ சொன்னபடியேதான் எழுதியிருந்தேன், ஒரு எழுத்தை மாற்றவில்லை.

வக்கீல் நல்ல மனுஷன். முதலில் எச்சரித்தார். இதில் கையெழுத்துப் போட்டால் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று உதட்டை நன்றாக அசைத்து எனக்குப் புரியும்படி சொன்னார். வரட்டும் சார் என்றேன். அப்புறம், கையெழுத்துக்கு முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டுவது முறை என்றார். எனக்குக் காது கேட்காது என்று சித்தப்பா சொன்னதும், மனுஷன் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினார் போலிருக்கிறது. எனக்குத்தான் கேட்காது. மற்ற எல்லாருக்கும் கேட்கும்.

அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பணம் வைத்து ஆடினேன் என்று வந்தது. யாரும் நிமிரவில்லை. தம்பியோடு சேர்ந்து சீட்டைச் சொல்லிக்கொண்டேன் என்று வந்தது. யாரும் நிமிரவில்லை. "என் மகளுக்குத் தெரியாமல் அவளுடைய தாள்களை எடுத்து" என்று அவர் உதடு அசைந்தது. டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்தினாள். பத்திரம் பதிய வந்த அம்மாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மடியில் இருந்த தன் கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்துக் கைப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாளம்மா.

உடம்பெல்லாம் கூசிப் போயிற்று எனக்கு. ஆயுசு முழுக்க அடுத்தவன் பொருளைத் தொடாதவன் நான். நிறுத்துங்க சார் என்றேன். அந்த வரியை மட்டும் மாற்றச் சொன்னேன். "என் மகள் முழு மனதோடு தந்த தாள்களைக் கொண்டு" என்று அடிக்கச் சொன்னேன். சித்தப்பா என் கையைப் பிடித்தான். "வேணாம்ணே, புள்ள படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா"ன்னான். அவனுக்கு இதெல்லாம் புரியாது.

நீயும் கொஞ்சம் யோசித்துப் பார். அப்பனே மகள் தாளைத் திருடினான் என்று உன் ஆபீசில் ஃபைல் போட்டு வைத்தால் உனக்கு என்ன மரியாதை? எப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் என்று நினைக்க மாட்டார்களா? இப்போது பார், மகள் அப்பனுக்கு உதவி செய்தாள் என்றுதான் இருக்கிறது. பிள்ளை குட்டி பெற்றவர்கள்தானே அங்கேயும் இருப்பார்கள். பெற்றவனுக்கு உதவினதற்கு ஒரு பெண்ணைத் தண்டிக்கிற கல் நெஞ்சக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? மேலாளர் அம்மாள் நல்லவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். குற்றம் அத்தனையும் என் தலையில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், கவலைப்படாதே.

வரும் வழியில் சித்தப்பாவுக்கு முட்டிக்கு ஒரு பட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு நேற்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

உன் அன்பு அப்பா

---

பிப்ரவரி 26

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

கூரியர் நேற்று வந்தது. இன்று காலை கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலை போய்விட்டது, வழக்கு வரப்போகிறது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அதே அறை. மேஜை மேல் உங்கள் தாள், அங்கே வக்கீல் குத்திய முத்திரையோடு. அப்புறம் மேலாளர் அம்மாள் தாளை என் பக்கம் நகர்த்தி, "எங்கள் யாருக்கும் இந்த மொழி தெரியாது. நீங்களே படித்துச் சொல்லிவிடுங்கள், எங்களுக்கு இது போதும்" என்றார்.

என்னிடமே கொடுத்துவிட்டார்கள் அப்பா. அவ்வளவு நம்பிக்கை என் மேல்.

முதல் வரியிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பணம் வைத்து ஆடியதைச் சொன்னேன், கையால் சீட்டைச் சொல்லிக்கொண்டதைச் சொன்னேன், பூனைக்காரப் பெண்ணிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்ததைச் சொன்னேன். அடுத்தது அந்த வரி. "என் மகள் முழு மனதோடு தந்த தாள்களைக் கொண்டு" என்று என் கண்ணெதிரே இருந்தது. என் வாய், "என் மகளுக்குத் தெரியாமல் எடுத்த தாள்களைக் கொண்டு" என்று சொன்னது. குரல்கூட நடுங்கவில்லை.

வக்கீல் பேனாவை மூடினார். மேலாளர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் தட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கீழே, "மூலத்தில் உள்ளபடியே மொழிபெயர்க்கப்பட்டது" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வரை நான் எந்தத் தப்பும் செய்யாதவள். இப்போது செய்துவிட்டேன். நான் சொன்னதுதான் உண்மை, ஆனால் நான் போட்ட கையெழுத்து பொய். உங்கள் தாளும் என் கையெழுத்தும் ஒரே உறையில், ஒரே அலமாரியில் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை அரசு அதிகாரிகள் வந்து எல்லாக் கோப்பையும் திறந்து பார்ப்பார்கள். நம் எழுத்து படிக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் வந்தால் போதும். ஒவ்வொரு முறை அந்த அலமாரி திறக்கும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். அதோடுதான் இனி மற்ற திருட்டுத்தனங்களை நான் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் எனக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் உங்களைத் திரும்பிப் பார்த்ததை மட்டும் உங்களால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு பார்வைக்காக என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டதாக எனக்கே எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் நம்பவே முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ் வந்தால் அங்கே பார்த்துக்கொள்ள ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறேன். அவர் நம்பரைச் சித்தப்பாவின் போனுக்கு அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம் அப்பா. எழுதினால் நான் படிக்காமல் இருக்க மாட்டேன். ஆனால் இனிமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தால், இதில் எந்த வரியை மாற்றியிருக்கிறார் என்றுதான் தேடுவேன்.

மகள்